சோற்றைத் தள்ளினால் எடை குறையுமா?

நுழையும் முன்

நேற்று முழுவதும் நீங்கள் உண்டவை யாவை? காலை உணவு முதல் இரவு உணவு வரை, இடையில் கொறித்தவற்றையும் விடாமல், குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் இறுதியிலுள்ள பயிற்சிக்கு அது வேண்டும்.

பாடம்

1862 ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரில் வில்லியம் பாண்டிங் என்னும் முதியவர் தம் காலணிக் கயிற்றைத் தாமே குனிந்து கட்ட இயலாமல் துன்புற்றார். மாடிப்படிகளில் இறங்கும்போது முழங்காலுக்கு வலி நேராதிருக்கப் பின்புறமாகவே இறங்கினார். அவர் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். எடை 202 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 92 கிலோ. அரச குடும்பத்தினர்க்கும் செல்வர்க்கும் இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்து தருவது அவருடைய குடும்பத் தொழில். பொருளுக்குக் குறைவில்லை. மருத்துவர் பலரை நாடினார். தேம்ஸ் ஆற்றில் அதிகாலையில் படகு வலித்தும் பார்த்தார். உடல் உழைத்த அளவிற்குப் பசியும் வளர்ந்தது, எடை குறையவில்லை.

காது சரியாகக் கேட்கவில்லை என்று வில்லியம் ஹார்வி என்னும் மருத்துவரிடம் சென்றபோதுதான் அவர் வாழ்வில் திருப்பம் நேர்ந்தது. ஹார்வி, பாரிசு நகரில் கிளாடு பெர்னார்டு என்னும் அறிவியலறிஞர் கல்லீரலையும் சர்க்கரையையும் பற்றி ஆற்றிய உரைகளைக் கேட்டுத் திரும்பியவர். ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர், பால், வெண்ணெய் ஆகியவற்றை விலக்குமாறு அவர் பாண்டிங்கிற்குக் கூறினார். ஓராண்டில் பாண்டிங்கின் எடை 46 பவுண்டு குறைந்தது. மகிழ்ச்சி தாளாமல் அவர் 1863 இல் தம் பட்டறிவை ஒரு சிறு நூலாக அச்சிட்டுத் தம் செலவிலேயே மக்களுக்கு வழங்கினார். அந்நூல் ஐரோப்பா எங்கும் பரவியது. சுவீடன் நாட்டு மொழியில், எடையைக் குறைப்பதற்காக உணவைக் கட்டுப்படுத்துவதை இன்றும் 'பாண்டா' என்றே சொல்கின்றனர். ஒரு மனிதரின் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது! (இன்சுலினைக் கண்டறிந்த பிரெடரிக் பாண்டிங் வேறொருவர், அவர் கனடா நாட்டினர்.)

இன்று உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ யாரேனும் ஒருவர், "இனிமேல் எனக்குச் சோறு வேண்டாம், நான் டயட்டில் இருக்கிறேன்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதைக் கேட்டுப் பாட்டி திகைத்து, "சோறில்லாமல் ஒரு சாப்பாடா, கண்ணு?" என்று வினவியிருப்பார். இருவர் பேச்சிலும் சிறிது உண்மை உண்டு. சிறிது பிழையும் உண்டு. எது உண்மை, எது பிழை என்று ஆராய்வோம்.

மாவுச்சத்து உடலில் செய்யும் பணி

அரிசி, கோதுமை, கிழங்கு, பழம், பால், சர்க்கரை ஆகிய எல்லாவற்றிலும் கார்போஹைட்ரேட் உள்ளது. தமிழில் இதனை மாவுச்சத்து என்பர். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி ஆற்றலைத் தரும். ஒரு கிராம் புரதமும் அவ்வாறே 4 கலோரி தரும். கொழுப்போ 9 கலோரி தரும். இம்மூன்று எண்களையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

நாம் உண்ட சோறு செரித்துக் குளுக்கோசாக மாறிக் குருதியில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அக்குளுக்கோசை உயிரணுக்களுக்குள் செலுத்துகிறது. உடனடித் தேவை போக எஞ்சியது கிளைக்கோஜன் என்னும் பொருளாகிக் கல்லீரலிலும் தசைகளிலும் தங்குகிறது. அந்தச் சேமிப்பறை சிறியது. வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரையே அதற்கு இடமுண்டு. அதற்கும் மேல் தொடர்ந்து மிகுமானால் அது கொழுப்பாகச் சேர்கிறது.

மாவுச்சத்தை மிகவும் குறைத்துவிட்டால் என்ன நிகழும்? கிளைக்கோஜன் ஓரிரு நாள்களில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பின்னர் உடல் கொழுப்பை மிகுதியாக எரிக்கத் தொடங்கும். அப்போது கல்லீரல் கீட்டோன் என்னும் பொருள்களை உண்டாக்கும். மூளையும் அவற்றைத் தன் எரிபொருளில் ஒரு பகுதியாக ஏற்றுக்கொள்ளும். 'கீட்டோ' என்று பேசப்படும் உணவுமுறையின் பெயர்க்காரணம் இதுவே. ஆனால் அம்முறை எடை குறைப்பதற்காகத் தோன்றியதன்று. வலிப்பு நோயுற்றோர்க்காக, 1921 இல் அமெரிக்காவிலுள்ள மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரசல் வைல்டர் என்னும் மருத்துவர் வகுத்தது அது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கு இன்றும் மருத்துவர் கண்காணிப்பில் அது வழங்கப்படுகிறது.

முதல் வாரத்து வியப்பு

சோற்றையும் சப்பாத்தியையும் நிறுத்திய ஒருவர் ஏழாம் நாள் எடைக்கருவியில் ஏறி நிற்கிறார். இரண்டு கிலோ குறைந்துள்ளது! "பார்த்தீர்களா, கொழுப்பு கரைகிறது" என்று மகிழ்கிறார். கரைந்தது கொழுப்புதானா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு கிராம் கிளைக்கோஜன் தன்னுடன் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. 400 கிராம் கிளைக்கோஜன் தீர்ந்தால் அதனுடன் 1,200 கிராம் நீரும் வெளியேறும். ஆக 1,600 கிராம். எடைக்கருவிக்கு நீரும் கொழுப்பும் ஒன்றே. அது எடையை மட்டுமே காட்டும். இவர் மீண்டும் ஒருநாள் விருந்தில் வயிறார உண்டால், அந்நீர் திரும்பி வந்து சேரும். "ஒருநாள் சோறு உண்டதற்கே இரண்டு கிலோ கூடிவிட்டது" என்று அவர் அஞ்சுவார். அந்த அச்சமும் முதலில் கொண்ட மகிழ்ச்சியைப் போலவே பொருளற்றது.

கொழுப்பு எவ்வளவு விரைவில் குறையக்கூடும்? உடலிலுள்ள ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது. ஒரு வாரத்தில் ஒரு கிலோ கொழுப்பைக் குறைக்க வேண்டுமாயின், நாள்தோறும் 1,100 கலோரி பற்றாக்குறை வேண்டும். 'ஏழு நாளில் மூன்று கிலோ கொழுப்பைக் கரைக்கலாம்' என்று ஒரு விளம்பரம் கூறுமானால், நாள்தோறும் 3,300 கலோரி பற்றாக்குறை வேண்டும் என்பது அதன் பொருள். அலுவலகத்தில் அமர்ந்து பணியாற்றும் ஒருவர் நாள் முழுவதும் எதையுமே உண்ணாதிருந்தாலும் அத்துணைப் பற்றாக்குறை ஏற்படாது. விளம்பரத்தை நம்புவதற்கு முன் ஒரு பெருக்கல் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம்.

ஆய்வுகள் காட்டுவன

நீர் போனது போக, மாவுச்சத்தைக் குறைப்பதால் உண்மையில் பயன் உண்டா? உண்டு. 2003 இல் அமெரிக்காவில் உடற்பருமன் உடைய 63 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்றில், முதல் ஆறு மாதங்களில் மாவுச்சத்தைக் குறைத்தவர்களே கூடுதலாக எடை குறைந்தனர். ஆனால் ஓராண்டு முடிவில், இவர்களுக்கும் கொழுப்பைக் குறைத்து உண்டவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2018 இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 609 பேரின் ஆய்வு முடிவை வெளியிட்டனர். பன்னிரண்டு மாதங்களில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் எடை குறைந்தனர். இரு பிரிவினரும் சர்க்கரையையும் மைதா போன்ற தீட்டிய மாவையும் இயன்றவரை தவிர்த்துக் காய்கறிகளை மிகுதியாக உண்ணுமாறு அறிவுறுத்தப்பட்டிருந்தனர்.

அந்த ஆய்வில் சராசரியைவிடச் சுவையான செய்தி மற்றொன்று உண்டு. இரு பிரிவுகளிலுமே சிலர் 20 கிலோவுக்கும் மேல் குறைந்தனர். சிலருக்கு எடை கூடியது. ஒரே உணவுமுறை எல்லார்க்கும் ஒரே பயனைத் தருவதில்லை. 'எங்கள் மாமா இப்படித்தான் இளைத்தார்' என்பது மாமாவைப் பற்றிய செய்தி மட்டுமே.

மாவுச்சத்தைக் குறைப்பதன் நன்மை எடையோடு நின்றுவிடுவதில்லை. உண்டபின் குருதியில் ஏறும் குளுக்கோசின் அளவு குறைகிறது. டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பின் அளவும் பெரும்பாலும் தாழ்கிறது. சோற்றின் இடத்தில் பருப்பும் முட்டையும் மீனும் வந்தால், புரதம் மிகுவதால் பசி நெடுநேரம் அடங்கியிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மாவுச்சத்தைக் கைவிட்டவர் அதனுடன் சமோசா, பிஸ்கட், ஜிலேபி, குளிர்பானம் ஆகியவற்றையும் கைவிடுகிறார். பாதிப் பயன் அங்கேயே கிடைத்துவிடுகிறது என்பது என் கருத்து.

தவறான எண்ணங்கள் சில

வடநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் மிகப் பரவலான எண்ணம் ஒன்றுண்டு: 'சோறு எடையைக் கூட்டும்; சப்பாத்தி குறைக்கும்.' ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017 இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து உள்ளது. கோதுமை மாவில் 64 கிராம். கேழ்வரகில் 67 கிராம். கம்பில் 62 கிராம். வேறுபாடு உண்டு, ஆனால் கோதுமையும் சிறுதானியங்களும் மாவுச்சத்தற்றவை அல்ல. அவற்றின் சிறப்பு நார்ச்சத்தில் உள்ளது. அரிசியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 3 கிராம் நார்ச்சத்தே உண்டு. கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் கம்பிலும் ஏறத்தாழ 11 கிராம் உண்டு. நார்ச்சத்து செரிமானத்தின் விரைவைத் தணிக்கிறது. ஆகவே இரண்டு சப்பாத்தி நன்று; சோற்றுக்கு மாற்றாக ஆறு சப்பாத்தி உண்பதனால் ஆவதொன்றில்லை.

நவராத்திரி நாள்களில் உங்கள் வகுப்புத் தோழர்கள் சிலர் அரிசியும் கோதுமையும் உண்ணாமல் விரதம் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவர்கள் வீடுகளில் சாபுதானா கிச்சடியும் உருளைக்கிழங்கும் பரிமாறப்படும். சாபுதானா என்பது நம் ஜவ்வரிசியே. மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் அது பெருமளவில் உருவாவது தமிழ்நாட்டின் சேலம் வட்டாரத்தில்தான். அதில் மாவுச்சத்தைத் தவிர வேறொன்றும் இல்லை என்றே சொல்லலாம். விரதத்தின் நோக்கம் வேறு. அதனை எடை குறைக்கும் வழியாகக் கருதுவதுதான் பிழை.

சர்க்கரைக்கு மாற்றாக வெல்லமோ தேனோ சேர்த்தால் தீங்கில்லை என்பாரும் உளர். வெல்லத்தில் சிறிது தாதுச்சத்து உண்டு; ஆயினும் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. வடித்த சோற்றில் மாவுச்சத்து இல்லை என்பாரும் உளர். கஞ்சியோடு சிறிது மாவு வெளியேறும்; அதனுடன் 'பி' வகை உயிர்ச்சத்துகளும் வெளியேறும். சோற்றில் பெரும்பகுதி மாவுச்சத்து அப்படியே இருக்கும்.

'கொழுப்பை எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம். மாவுச்சத்தை மட்டும் தொடக்கூடாது' என்பது இக்காலத்துப் புதிய மயக்கம். முன்பு மனத்தில் இருத்திய எண்ணை இப்போது எடுங்கள். 15 கிராம் நெய்யில் 135 கலோரி உண்டு. காலையில் தேநீரில் நெய், நண்பகலில் எண்ணெயில் பொரித்த பனீர், மாலையில் ஒரு பிடி முந்திரி என உண்பவர், சோற்றை ஒரு பருக்கையும் தொடாமலே எடையைக் கூட்டிக்கொள்ள இயலும். சிலருக்கு எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பும் குருதியில் உயர்வதுண்டு.

மாவுச்சத்து தன்னளவில் நஞ்சன்று. சப்பானின் ஒக்கினாவா தீவில் முற்கால மக்கள் பெரும்பாலும் சர்க்கரைவள்ளிக் கிழங்கை உண்டே வாழ்ந்தனர். அவர்கள் மெலிந்த உடலும் நீண்ட ஆயுளும் உடையவர்களாய் இருந்தனர். ஆனால் அவர்கள் அளவாக உண்டனர், வயலில் உழைத்தனர்.

நம் தட்டின் நிலை

அப்படியாயின் நாம் கவலையின்றி உண்ணலாமா? இயலாது. இந்தியாவில் நடந்த மிகப் பெரிய நீரிழிவு ஆய்வு, சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவோடு நடத்தியதாகும். நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று 2023 இல் அது கணக்கிட்டது. நம் மக்கள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்பதும் அவ்வாய்வின் முடிவு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டி, தானியங்களிலிருந்து பெறும் ஆற்றல் 45 விழுக்காட்டைத் தாண்டாதிருத்தல் நன்று என்கிறது. தானியத்தை ஒழிக்குமாறு அது சொல்லவில்லை. தட்டில் பாதியிடத்தைக் காய்கறிக்கும் பழத்திற்கும் கொடுக்கச் சொல்கிறது. பருப்பைக் கூட்டச் சொல்கிறது.

இந்நிறுவனத்தின் வேர் தமிழ்நாட்டில் உள்ளது. 1918 இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் இராபர்ட் மெக்கரிசன் என்னும் மருத்துவர் ஒற்றை அறை ஆய்வுக்கூடமாக அதனைத் தொடங்கினார். 'பெரிபெரி' என்னும் நோயை ஆராய்வதே அதன் முதற்பணி. தவிட்டை முற்றிலும் நீக்கித் தீட்டிய அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களைத் தாக்கிய நோய் அது. தவிட்டிலுள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்தின் குறைவே அதற்குக் காரணம். 1958 இல் அந்நிறுவனம் ஐதராபாத்திற்கு இடம்பெயர்ந்தது. தீட்டிய அரிசியைப் பற்றிய கவலை நூறாண்டுகளுக்குப் பின்னும் அதனை விட்டு நீங்கவில்லை.

வீட்டில் விழிப்பாய் இருக்க

உங்கள் தாத்தாவோ தந்தையோ நீரிழிவுக்கு மாத்திரை உண்பவராகவோ இன்சுலின் செலுத்திக்கொள்பவராகவோ இருக்கலாம். அம்மருந்தின் அளவு, அவர் வழக்கமாக உண்ணும் உணவைக் கொண்டு மருத்துவர் வரையறுத்தது. அவர் கைப்பேசியில் கண்ட ஒரு காணொளியை நம்பித் திடீரெனச் சோற்றை நிறுத்தி, மருந்தை மட்டும் முன்போலவே உட்கொண்டால், குருதியில் குளுக்கோஸ் ஆபத்தான அளவிற்குத் தாழக்கூடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழறும் பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். நினைவோடு இருப்பவராயின் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் புகட்டலாகாது. உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். சில வகை நீரிழிவு மாத்திரைகளை உண்போர் மாவுச்சத்தை முற்றும் நீக்கினால், கீட்டோன்கள் அளவு மீறிப் பெருகும் இடரும் உண்டு. ஆகவே உணவை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதனைப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்ல நீங்கள் தயங்க வேண்டா. "தாத்தா, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றிக்கொள்ளுங்களேன்" என்று பணிவாகச் சொன்னால் போதும்.

நீங்கள் வளரும் பருவத்தினர். எலும்பும் தசையும் மூளையும் வளர ஆற்றல் வேண்டும். பெரியவர்க்கென வகுத்த உணவுமுறையை வளரும் பிள்ளைகள் தாமாக மேற்கொள்ளலாகாது. வகுப்பில் யாரோ 'மோட்டு' என்று அழைத்ததற்காகக் காலை உணவைத் துறக்கும் மாணவியர் உண்டு, மாணவரும் உண்டு. பிழை அழைத்தவருடையது, அதற்கு இட்லி என்ன செய்யும்? உண்மையிலேயே எடை பற்றிய ஐயம் இருந்தால், குழந்தைநல மருத்துவர் உங்கள் வயதையும் உயரத்தையும் வளர்ச்சி அட்டவணையில் பார்த்துச் சொல்வார்.

சொல்லும் பொருளும்

பட்டறிவு – அனுபவம்
கணையம் – இன்சுலினைச் சுரக்கும் உறுப்பு
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு
தீட்டுதல் – தவிட்டை நீக்கி வெண்மையாக்குதல்
பருக்கை – ஒரு சோற்றுமணி
இடர் – துன்பம், ஆபத்து
மயக்கம் – இப்பாடத்தில்: தெளிவற்ற எண்ணம்

பயிற்சி

1. வில்லியம் பாண்டிங்கிற்கு விலக்கப்பட்ட உணவுகளுள் மாவுச்சத்து அறவே இல்லாதது எது?

2. முதல் வாரத்தில் குறையும் எடை பெரும்பாலும் கொழுப்பன்று. ஏன்? 350 கிராம் கிளைக்கோஜன் தீர்ந்தால் எவ்வளவு எடை குறையும் எனக் கணக்கிட்டு எழுதுக.

3. 'சோறு எடையைக் கூட்டும். சப்பாத்தி குறைக்கும்' என்னும் கூற்றைப் பாடத்திலுள்ள எண்களைக் கொண்டு ஆராய்ந்து ஐந்து தொடர்களில் எழுதுக.

4. பிரித்து எழுதுக: மாவுச்சத்து, எடைக்கருவி, காலணிக்கயிறு, நூறாண்டு.

5. தொடரில் அமைத்து எழுதுக: பட்டறிவு, இடர், விழிப்பு.

6. உங்கள் தாத்தா ஊரிலிருந்து தொலைபேசியில், "நாளையிலிருந்து சோற்றை அடியோடு விட்டுவிடப் போகிறேன்" என்கிறார். அவர் நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர். அவருக்கு ஒரு கடிதம் எழுதுக.

7. பாடத்தின் தொடக்கத்தில் எழுதிய பட்டியலை எடுங்கள். அதில் தானியம், பருப்பு, காய்கறி, பழம், இனிப்பு, பொரித்தவை ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, அவற்றுக்கு உங்கள் வீட்டில் வழங்கும் தமிழ்ப் பெயர்களையும், நீங்கள் வாழும் ஊரில் வழங்கும் பெயர்களையும் அருகருகே எழுதுக. பெயர் தெரியாதவற்றை அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு நிரப்புக.